பேயாக்கப்பட்ட சாட்சி

பேசாலையில் பிரான்சிஸ்காவின் தையல் கடைக்கு அளவு கொடுக்கப் போகிறவர்கள் அரை மணித்தியாலமாவது கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும். அளவெடுக்க ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரம், அவள் முதல்நாள் பார்த்த பேய்ப்படத்தைத் திட்டுவதற்கு.

“கதைப் புத்தகத்தில கதவு சத்தமில்லாமல் திறக்கும். வாசிக்கேக்க முதுகு சில்லிட்டது. அதையே படமாக்கினவங்கள் முதலே மேளத்தை அடிச்சு, ‘இந்தா வருது, பயப்பிடுங்கோ’ எண்டு சொல்லிப்போட்டுத் திறக்கிறாங்கள். மூண்டுதரம் முகத்தைக் காட்டினால் அது பேயே? வீட்டுக்கு வந்த விருந்தாளி!”

கொலைக் கதைகளுக்கும் இதே ஏச்சுத்தான். ஏசிக்கொண்டே அடுத்ததைப் போடுவாள். கணவர் யோசேப் கடலுக்குப் போய் வந்து, தானே சோறு போட்டுச் சாப்பிடப் பழகிவிட்டார்.

கொலைக் கதையில் குறை சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன் முருங்கன் சந்தியில் ஒரு நெல் வியாபாரி கொல்லப்பட்டார். கடையின் பின்கதவால் ஒருவன் ஓடியதை பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் கண்டார்கள். பொலிஸ் வந்ததும் அத்தனை பேருக்கும் கண் தெரியாமல் போய்விட்டது. பிரான்சிஸ்கா மட்டும் “நான் கண்டனான்” என்றாள். ஃபோனில் மிரட்டல் வந்தது. நம்பரை மாற்றினாளே தவிர வாக்கை மாற்றவில்லை. நீதிமன்றத்தில் கால் நடுங்க நடுங்க ஏறி, “ஓம் ஐயா, இவன்தான்” என்று விரலை நீட்டினாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் அதுதான். அது அவளுக்கும் தெரியும்.

ஆகவே, அந்த வழக்கைத் தொடர் நாடகமாக எடுக்கப்போகிறோம் என்று கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தபோது அவளுக்குத் தலைகால் தெரியவில்லை. கணவாய்க் கறியும் சோறும் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். “மேளம் மட்டும் வேண்டாம் தம்பிமார்” என்று கையெடுத்தும் கும்பிட்டாள். தம்பிமார் நன்றாகத் தலையாட்டினார்கள், கறி அப்படி.

நாடகம் வெளிவந்த பின்னேரம் கடையில் கதிரை போதவில்லை. பக்கத்து வீட்டு ஸுஹறா ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்தாள். ‘உண்மைச் சம்பவம்’ என்று எழுத்து விழுந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பேசாலைத் தையல்காரி பிரான்சிஸ்கா என்று பெயரைக்கூட மாற்றவில்லை. இரண்டாம் பாகத்தில், சாட்சி சொல்லப் போகிற வழியில், கொலைகாரன் அவளைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டான்.

யோசேப் மனைவியின் கையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மேளம் அடித்தது. வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாக பிரான்சிஸ்காவின் பேய் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி, நேரே நீதிமன்றத்துக்குப் போய்க் கூண்டில் நின்று விரலை நீட்டியது. கொலைகாரன் அலறியடித்துக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

“யா அல்லாஹ், உன்ர பேய் நல்ல வடிவு!” என்ற ஸுஹறாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

பிரான்சிஸ்கா சிரிக்கவில்லை. “நான் உயிரோட நிண்டு நடுங்கி நடுங்கிச் சொன்னனான். பேய்க்கு என்ன பயம்? செத்தவளைத் திரும்ப ஆர் கொல்லுறது? என்ர துணிச்சலைத் தூக்கி ஒரு பேய்க்குக் குடுத்திட்டாங்கள்!” என்றபோது அவள் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கிழமை முழுக்க அவள் எந்தப் படத்தையும் திட்டவில்லை. யோசேப்புக்கு அதுதான் உண்மையான பயமாக இருந்தது.

ஞாயிறு பூசையில் முதல் வாசகம் அவளுடைய முறை. முன்வரிசையில் போய் இருந்தாள். ஊருக்குப் புதிதாக வந்த ஃபாதர் பூசைக் கருத்தை வாசித்தார்: “இத்திருப்பலி, மறைந்த தையல்காரி பிரான்சிஸ்காவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பெரியமடு பெற்றிசியாவால் ஒப்புக்கொடுக்கப்படுகிறது.”

கோயிலில் ஒரு சிரிப்புக் குலுங்கல் எழுந்தது. பாட்டுக் குழு பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தது. வாசக நேரம் வந்ததும் பிரான்சிஸ்கா எழுந்து படியேறினாள். பின்வரிசையில் கறுப்புச் சேலையோடு இருந்த ஒருத்தி, “ஐயோ மாதாவே!” என்று இருந்த வாங்கிலேயே சரிந்தாள்.

“நீங்கள் ஆர்?” என்று மெல்லக் கேட்டார் ஃபாதர்.

“செத்த பிரான்சிஸ்கா, ஃபாதர்.”

வாசகம் முடியும்வரை ஃபாதர் இருமிக்கொண்டே இருந்தார்.

சரிந்து விழுந்தவள் பெற்றிசியாதான். நறுவிலிக்குளத்தில் ஒன்றாகப் படித்தவள். கல்யாணம் முடித்துப் பெரியமடுவுக்குப் போனபின் பேச்சுத் தொடர்பு அற்றுப்போயிருந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் பிரான்சிஸ்காவைக் கட்டிப்பிடித்து ஒரே அழுகை.

“நாடகத்தைப் பாத்திட்டு உன்ர பழைய நம்பருக்கு எடுத்தனான். பாவனையில இல்லையாம். எட்டு வருசமா உனக்கு ஒரு பூசை குடுக்காமல் இருந்திட்டனே எண்டு நெஞ்சு வெடிச்சுப்போச்சுதடி!”

“விசரி! பேய் போய்ச் சாட்சி சொல்லிச்சுது எண்டதையுமா நம்பினனீ?”

“அதைத்தான் முதல் நம்பினனான்” என்றாள் பெற்றிசியா மூக்கைச் சிந்திக்கொண்டு. “செத்தாலும் நீ போய்ச் சொல்லாமல் விடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியாதோ?”

ஏசுவதற்கு வாயைத் திறந்த பிரான்சிஸ்காவுக்கு ஏச்சு வரவில்லை. சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயில் படியிலேயே குந்திவிட்டாள்.

அன்று பின்னேரம் கடையில் தோழிகள் இருவருமாக இரண்டாம் பாகத்தை மறுபடியும் போட்டார்கள். கிணற்றிலிருந்து வந்த பேய் கூண்டில் ஏறி விரலை நீட்டியது. யோசேப் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“மேளத்தை விட்டால், பிள்ளை நல்லாத்தான் சாட்சி சொல்லுது” என்றாள் பிரான்சிஸ்கா.