பாலில்லாத டீ

எழுபதுகளின் கடைசியில் தலத்தெருவில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு அம்மாள் குடியிருந்தார். ஒல்லி உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி. எதைச் செய்தாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்துத்தான் பிறருக்குக் கொடுப்பார்.

மசக்கையில் எனக்குப் பால் வாடையே ஆகவில்லை. காப்பியைக் கண்டாலே குமட்டியது. அந்த அம்மாள் கடைத்தெருவில் டீத்தூள் வாங்கிவந்து, வெந்நீரில் போட்டு, நிறம் இறங்கியதும் வடிகட்டி, சீனி போட்டுக் கொடுத்தார்.

என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "பால் ஊத்தாததை எழவு வீட்லதாங்க குடுப்பாங்க. புள்ளத்தாச்சிக்கா குடுக்குறீங்க?"

"நான் தெனம் இதத்தான் குடிக்கிறேன். நல்லாத்தானே இருக்கேன்?"

மாமியார் முணுமுணுத்தபடி அடுப்படிக்குப் போனார். வயிற்றில் தங்கியது அந்த டீ ஒன்றுதான். தினமும் காலையில் அந்த அம்மாள் கொண்டுவந்தார், நானும் தேறினேன்.

ஒருநாள் டம்ளரைத் திருப்பிக் கொடுக்க மாடிக்குப் போனேன். அவர் நுரை ததும்பப் பால் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையால் மூடினார்.

"கீழ சொல்லிடாதம்மா. அந்தக் கசப்புத் தண்ணி எனக்குத் தொண்டையில எறங்காது."

என் மகளுக்கே இப்போது நரைத்துவிட்டது. இன்றும் காலையில் எனக்குப் பாலில்லாத டீதான். முதல் வாய் குடிக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். தொண்டையில் இறங்காததைத் தினமும் உள்ளங்கையில் விட்டுச் சப்புக்கொட்டி, "நல்லாருக்கு, குடி" என்பாரே!