நான்கு சக்கரங்களுக்கு நான்கு பாவாடை

போன மாதம் என் காரின் பின்கதவை ஒரு தண்ணீர் லாரி உரசிவிட்டுப் போனது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கொண்டு விட்டேன். கண்ணாடிச் சுவர், காபி மெஷின், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பொட்டலத்திலிருந்து பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொன்றாக உருவி என் கார் சக்கரங்களுக்கு மாட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் எலாஸ்டிக். பெயின்ட் அடிக்கும்போது சக்கரத்தில் தெறிக்காமல் இருக்கவாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அங்கே வேலை செய்யும் பெண் ஓடி வந்து, “ஏனாயித்து மேடம்? ஏதாச்சும் ப்ராப்ளமா?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. எங்க காலத்துல இதுக்கு நாடா இருந்துச்சு” என்றேன்.

அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு காபி கொண்டு வந்து வைத்தாள். வயதானவர்களுக்குக் காபி கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல.

எந்தக் கண்ணாடி வைத்தாலும் தின்னர் வாசனையைத் தடுக்க முடியாது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் சோபாவில் இல்லை. ஜோகுபாளையத்தில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில், கால் ஆடுகிற மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூற்று மூன்றோ நான்கோ இருக்கும். கோபாலண்ணனின் டிங்கரிங், பெயின்டிங் கடையில் ஜாப் கார்டு எழுதி, போன் எடுத்து, “சாயங்காலம் ரெடி ஆயிடும் சார்” என்று பொய் சொல்லும் வேலை எனக்கு. பொய்யை மூன்று பாஷையிலும் சொல்லத் தெரிந்ததால்தான் என்னை எடுத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வண்டி ஷெட்டில் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று வீட்டில் முனகல். ஆறு மாதம் பார்ப்பது, சரிப்படவில்லை என்றால் திருப்பத்தூரில் அத்தை பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவது என்று அப்பாவோடு ஒப்பந்தம். மாப்பிள்ளை நல்லவர்தான், பாவம். ஆனால் அவரிடம் டெலிபோன் இல்லை. எனக்கு அந்தக் கறுப்பு டெலிபோனின் மேல் கண்மூடித்தனமான காதல்.

அந்தக் கடையில் பெரிய தலைவலி சக்கரம். வண்டிக்கு என்ன நிறம் அடித்தாலும் அதில் கால்வாசி டயரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயின்டர் பாஷா பாய் முதலில் சாக்கைப் போட்டு மூடிப் பார்த்தார். சாக்கின் நார் பறந்து ஈரப் பெயின்டில் ஒட்டி, ஒரு வெள்ளை வேனுக்கு மீசை முளைத்தது. அப்புறம் பழைய பேப்பரை மைதாப் பசை தடவி ஒட்டினார். அது நன்றாகத்தான் இருந்தது, மாட்டுக்கும். பெங்களூர் மாடுகள் சினிமா போஸ்டர் தின்று வளர்ந்தவை இல்லையா. பாஷா பாய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தெருவில் போன பசு ஒன்று முன் சக்கரம் இரண்டையும் உரித்துத் தின்றுவிட்டு, பின் சக்கரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. “விளையாட்டுப் பக்கத்த மட்டும் விட்டுருச்சு பாருங்க” என்று பாஷா பாய் வருத்தப்பட்டார்.

அப்போதுதான் எனக்கு அறிவு வேலை செய்தது. அது அடிக்கடி செய்வதில்லை, செய்தால் வம்புதான். வீட்டுக் கொடியில் அம்மாவின் பாவாடை காற்றில் உப்பிக்கொண்டு ஆடியது. அதன் அடிச்சுற்றளவைப் பார்த்தேன். மறுநாள் கடையில் டயரை முழம் போட்டேன். தைத்து வைத்த மாதிரி இருந்தது. பாவாடையின் கீழ் மடிப்பில் இன்னொரு நாடாவைக் கோத்து டயருக்குப் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும். இடுப்பு நாடாவை முன்னால் பை வாய் மாதிரி சுருக்க வேண்டும். துணியை இரண்டாக மடித்துவிட்டால் பெயின்ட் ஊறாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டால் சக்கரத்துக்கு இரண்டு நிமிஷம்.

அம்மாவிடம் ஆறு பாவாடை இருந்தது. நான்கை எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் “என் பாவாடையக் கடைத்தெருவுல கட்டித் தொங்க விடுவியா?” என்று கத்தியிருப்பாள், ஆறு மாத ஒப்பந்தம் அன்றைக்கே முடிந்திருக்கும். கத்தரிக்கோல் வைக்கவில்லை, ஒரு நாள் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

கோபாலண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பாஷா பாய்தான் தொட மாட்டேன் என்றார். “தௌபா தௌபா. இத நான் எப்படிம்மா கட்டறது? வீட்ல கேட்டா என்ன சொல்றது?” அதனால் கட்டுகிற வேலை எனக்கே வந்தது. நான் கட்டி முடிக்கும்வரை அவர் ஸ்பிரே கன்னைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நிற்பார். “ஆச்சா? திரும்பலாமா?” என்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் கேட்பார். அது வெறும் அம்பாசிடர் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

எல்லாம் நன்றாகப் போயிற்று, எங்கள் வீட்டு வாசலைத் தவிர. அங்கே முனிரத்னம் அண்ணன் மாட்டிக்கொண்டார். எங்கள் தெருவுக்கெல்லாம் அவர்தான் துணி வெளுப்பவர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் போடுவார், துணி கிழிந்தாலும் அது அழியாது. எங்கள் குறி இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. நாற்பது வீட்டுத் துணி ஒன்றாக ஊறினாலும், அவர் கையில் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. அந்த மனிதரைப் பார்த்து எங்கள் அம்மா கேட்டாள்: “நாலு பாவாடை எங்கய்யா? உன் சம்சாரம் கட்டிக்கிட்டுத் திரியறாளா?”

“குறி போட்ட துணி தொலையாதும்மா” என்றார் அவர்.

ஒரு மாதம் இது நடந்தது. அவர் மூட்டையை இறக்கும்போதெல்லாம் அம்மா நாலு பாவாடை என்பாள். அவர் குனிந்து துணியை எண்ணுவார். நான் உள்ளே உட்கார்ந்து ஜாதகத்தில் அக்கறை இருப்பது போல் காலண்டரைப் புரட்டுவேன். சொன்னால் வேலை போய்விடும் என்பது மட்டும்தான் என் புத்தியில் இருந்தது. இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை. அதனால் வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் வண்டி வந்தது. அல்சூரில் பெரிய பிரசவ டாக்டர். அவருடைய அம்பாசிடரின் டயர்களுக்கு வெள்ளை வளையம் உண்டு. வாரம் ஒரு முறை டிரைவர் அதைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். முன்பு பெயின்ட் அடித்த கடையில் வளையத்தில் ஒரு சொட்டு பட்டதற்காக அந்தக் கடையையே கைவிட்டவர். இப்போது முழு வண்டியையும் மெரூன் அடிக்க வேண்டுமாம். கோபாலண்ணன் என்னைக் கூப்பிட்டார். “வெள்ளையில ஒரு பொட்டு பட்டா எனக்கு டாக்டரம்மா போயிடுவாங்க, உனக்கு வேலை போயிடும். நாளைக்கு எல்லாம் நீட்டா இருக்கணும், ஆய்த்தா?”

அம்மாவின் பாவாடைகள் அதற்குள் ஏழெட்டு வண்டிகளைப் பார்த்து, அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருந்தன. பாஷா பாயின் வேலை உடுப்பு, கடைத் திரை, கைத்துணி எல்லாவற்றோடும் சுருட்டி, “கடைத் துணிண்ணா, காலையில வேணும்” என்று முனிரத்னம் அண்ணனிடம் கொடுத்தேன். குறி என்று ஒன்று இருப்பது அப்போது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை மூட்டை வந்தது. உடுப்பு இருந்தது, திரை இருந்தது, கைத்துணி மடிப்பு கலையாமல் இருந்தது. பாவாடை ஒன்றுகூட இல்லை. தெருமுனையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த முனிரத்னம் அண்ணனிடம் ஓடினேன்.

“அது உங்க வீட்டுத் துணிம்மா. எப்படியோ கடை மூட்டையில கலந்துடுச்சு. காலையில உங்கம்மா கையிலயே குடுத்துட்டேன்.” முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு தெரு தள்ளி வீடு. நான் ஓடிய ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் ஒரு கப்பாவது கிடைத்திருக்கும். கட்டிலில் மூன்று பாவாடைகள் கஞ்சி போட்டுத் தேய்த்து அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெயின்ட் வளையம், அதன் உட்புறம் டயரின் பூ அச்சு. அம்மா ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“மேலயும் நாடா, கீழயும் நாடா. இது என்னடி, பாவாடையா மூட்டையா?”

வேறு வழியில்லை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெயின்ட், பசு மாடு, டாக்டரம்மா, டெலிபோன் வரைக்கும். வேலைக்குப் போகாதே என்பாள் என்று பார்த்தால், அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, அந்த மனுசன ஒரு மாசமா வாய்க்கு வந்தபடி பேசினேனேடி! உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்த?”

நான் தரையைப் பார்த்தேன். பிறகு வெட்கமில்லாமல், “நாலாவது எங்கம்மா?” என்றேன்.

“கட்டியிருக்கேன். நீ திருடினது போக ரெண்டுதான் மிச்சம், ரெண்டும் ஈரம். பழசுதான் வந்துச்சேன்னு கட்டிக்கிட்டேன். இப்ப அதையும் அவுத்து உன் வண்டிக்குக் கட்டணுமா?”

அம்மா என்னை ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் போய்விட்டு, ஈரப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். உடம்புச் சூடு ஆறாத அந்தப் பழுப்புப் பாவாடையை என் கையில் திணித்தாள்.

“எடுத்துக்கிட்டு ஓடு. சாயங்காலம் அந்த மனுசன்கிட்ட நீயே போய்ச் சொல்லணும். சொல்லல, திருப்பத்தூருக்கு நானே போஸ்ட் கார்டு எழுதுவேன்.”

நான்கு சக்கரமும் கட்டி முடித்தேன். பாஷா பாய் சுவரிலிருந்து திரும்பினார். பாதி வண்டி மெரூன் ஆனபோது டாக்டரம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கோபாலண்ணன் வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டார். டாக்டரம்மா வண்டியைச் சுற்றி வந்தார். கஞ்சி மொடமொடப்போடு நின்ற துணியைத் தட்டிப் பார்த்தார்.

“பரவாயில்லையே. ஆபரேஷன் தியேட்டர்ல நாங்களும் இப்படித்தான் மூடுவோம்” என்றார். பிறகு பழுப்புச் சக்கரத்தருகே குனிந்தார். நாடாவைப் பார்த்தார். அது என்ன நாடா என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாதா. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “முடிச்சு நல்லா போட்டிருக்கம்மா” என்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு. மறுநாள் வண்டி எடுக்கும்போது கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்து நான்கு வளையத்தையும் துடைத்துப் பார்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. என் வேலையும் இருந்தது.

ஆனால் அதற்கு முந்தைய சாயங்காலம், தெருமுனையில், கரி போட்ட இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பாவாடையை எடுத்தது நான்தான் என்றேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“தெரியும்மா. பாவாடையில டயர் அச்சு இருக்குதே. உங்கம்மா மேல வண்டியா ஏறுச்சு?”

“தெரிஞ்சா ஏண்ணா கடைக்குக் குடுக்கல?”

“கடைக்குக் குடுத்தா உனக்குத் துணி வரும். எனக்கு என் பேரு வரணும் இல்லியா?”

அதட்டவில்லை. சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். அம்மா வேறு பாவாடையில் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, நடுத்தெருவில், கேட்கிறவர் கேட்கட்டும் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் கூச்சத்தில் எங்கள் வீட்டுத் துணியே அல்லாத ஒரு லுங்கியை மூன்று தடவை தேய்த்தார். பிறகு சேங்கொட்டையை எடுத்து வந்து, நான் கழற்றிக் கொண்டுவந்திருந்த நான்கில் மூன்று பாவாடைகளில் எங்கள் குறிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். கடைக் குறி. பழுப்புப் பாவாடைக்கு மட்டும் போட அம்மா விடவில்லை. மெரூன் வளையத்தோடு அதைப் பல வருஷம் கட்டினாள். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும். பட்டுப் புடவைக்குள் டயர் அச்சு இருப்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பந்தியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் சாப்பிட முடியாது, சிரிப்பு வந்துவிடும்.

சர்வீஸ் சென்டரில் வேலை முடிந்தது. கையுறைக்காரர் நான்கு உறைகளையும் உருவிச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். “இத திரும்ப யூஸ் பண்ண மாட்டீங்களா?” என்று கேட்டேன். “இல்ல மேடம், ஒரு வாட்டிதான்” என்றார்.

கோபாலண்ணனின் ஷெட் இருந்த இடத்தில் இப்போது கண் ஆஸ்பத்திரி. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. முனிரத்னம் அண்ணன் எந்த ஊருக்குப் போனார் என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக்கு பிஜி ஹாஸ்டல், ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாஷிங் மெஷின்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழுப்புப் பாவாடையை எடுத்துப் பார்த்தேன். மெரூன் வளையம் வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது. டயர் அச்சு இருப்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஓரத்தில் இரண்டு கோடும் புள்ளியும் மட்டும் நேற்றுப் போட்ட மாதிரி இருக்கின்றன. முனிரத்னம் அண்ணன் கையில் கொடுத்தால் இன்றைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். சேர்க்கத்தான் வீடு இல்லை.