வேலையில்லாமல் கம்பத்தில் ஏறியவர்

கலியபெருமாள் போய்விட்டார் என்று பால்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. முந்தின வாரம்தான் குத்தாலம் கடைத்தெருவில் நின்று என் புது மூக்குக்கண்ணாடியைக் கிண்டல் செய்தார். டெலிபோன் லைன்மேன் என்றாலும், நம் ஊரில் எல்லோர் வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நுழையும் உரிமை அவருக்கு இருந்தது. உங்களிடமும் அவரைப் பற்றி ஒரு கதை இருக்கும். என்னுடையது இது.

சில வருடங்களுக்கு முன் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளையும் கூடவே வந்து, இங்கிருந்தே கம்ப்யூட்டரில் அலுவலக வேலை பார்த்தார். அவளுக்கு ஏ.சி. வைப்பதற்காக வீட்டு ஒயரிங்கை மாற்றினோம். "போன் ஒயரை நான் பாத்துக்கறேன் மாமா" என்று மாப்பிள்ளையே இழுத்து இணைத்தார். அன்று மாலையே போனில் கொரகொரவென்று இரைச்சல். இன்டர்நெட் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவர் சென்னைக்குத் திரும்ப வேண்டும். மகள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

கலியபெருமாள் வந்தபோது இருவரும் மயிலாடுதுறைக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் போகும் ஒயரையெல்லாம் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து லைன் வந்து சேரும் பெட்டியிலேயே போனை மாட்டிக் கேட்டார். இரைச்சலே இல்லை.

"வெளி லைன் சுத்தமா இருக்கு சார். வியாதி உங்க வீட்டுக்குள்ளதான்."

ஒவ்வோர் அறை ஒயராகத் திரும்ப மாட்டினார். மாடி ஒயரை மாட்டியதும் கொரகொர. அங்கே பெட்டியைத் திறந்தால், இரண்டு ஒயர்களை விரலால் லேசாக முறுக்கி விட்டிருந்தது, அவ்வளவுதான்.

நான் முப்பது வருடம் இயற்பியல் வாத்தியார். தப்பைக் கண்டால் என் பேனாவில் சிவப்பு மை தானாகக் கசியும். "வரட்டும் மாப்பிள்ளை, இன்ஜினியர் லட்சணத்தைக் கேக்கறேன்" என்றேன்.

"சும்மா இருங்க சார். மாமனார் வீட்டுக்கு வந்து ஒரு மனுஷன் ஆசையா ஒரு வேலை செஞ்சிருக்காரு. லைன் சரியானா போதும்ல?"

முறுக்கை வெட்டி, புதிதாக இணைத்து மூடினார். வாசலில் கார் சத்தம் கேட்டதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிர்க் கம்பத்தில் ஏறிவிட்டார். உச்சி வெயிலில் ஒரு வேலையும் இல்லாமல் இருபது நிமிடம் அங்கே இருந்தார். கீழே ஏணியைப் பிடித்தபடி நான். "மழைத்தண்ணி எறங்கிருக்கு மாப்பிள்ளை, எங்க பக்கத்துத் தப்புதான்" என்று மேலிருந்து ஓர் அறிவிப்பு வேறு.

மாப்பிள்ளை தங்கினார். வலி எடுத்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர்தான்.

இப்போது செய்தியைச் சொல்ல மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். மனம் கேட்காமல் அன்றைய உண்மையையும் உளறிவிட்டேன்.

"தெரியும் மாமா. டூல்ஸ் பையைக் கீழ வெச்சுட்டுல்ல மேல ஏறினாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ரெண்டு பேரும் அந்த வெயில்ல அவ்வளவு பாடுபட்டுக்கிட்டிருந்தீங்க. எப்படி மாமா சொல்றது?"

சிரித்தேன். அப்புறம் கண் கலங்கிவிட்டது. தப்பைக் கண்டுபிடித்த பிறகும் வாயை மூடிக்கொண்டு அதைச் சரிசெய்வது. கலியபெருமாளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. மாப்பிள்ளைக்கு அன்றே வந்துவிட்டது. இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, கலியபெருமாள்.