ஒரு பாட்டில் உப்புத் தண்ணீர்

போன வருடத்துக்கு முந்தின வருடம், வைகாசி வெயிலில், தூத்துக்குடியில் நடந்தது இது.

அப்போது நான் வீடு, மனை வாங்கி விற்கும் தொழிலுக்கான ஓராண்டுப் படிப்பில் இருந்தேன். வகுப்பில் பத்துப் பேர், எல்லோரும் பெண்கள். "பொம்பளப் பிள்ள தரகு வேலைக்குப் படிக்காளாம்" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவதில் ஆசிரியரான என் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கோ தலைகால் புரியாத உற்சாகம். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வாயும் கொஞ்சம் நீளம். மாட்டுக் கொட்டகையைக் காட்டினாலும் மாளிகை என்று நம்ப வைத்துவிடுவேன் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

படிப்பு முடியும் சமயம், இரண்டிரண்டு பேராக ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்கு விட்டார்கள். ஒரு வீட்டைக் காட்டுவதிலிருந்து பத்திரப்பதிவு வரை நாங்களே முடிக்க வேண்டும். முதலில் முடிக்கும் ஜோடிக்கு அங்கேயே வேலை. என் ஜோடி ஓர் உடன்குடிக்காரி. அதிகம் பேச மாட்டாள், எதையும் மூன்று தரம் சரிபார்ப்பாள். இவளோடு சேர்ந்தால் வேலை கிடைத்த மாதிரிதான் என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன்.

எங்களிடம் வீடு கேட்டு வந்தவர் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா. கடற்கரைப் பக்கம் வாடகைக்கு இருந்தார். கணவர் தோணியில் வேலை, மாதக்கணக்கில் கடலில் இருப்பார். பன்னிரண்டு வருடம் மாவு விற்றுச் சேர்த்ததில் சொந்த வீடு வாங்கி, அங்கேயே இரண்டு கிரைண்டர் போட்டுத் தொழிலைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எத்தனை அறை, எந்தத் திசை என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை.

"தண்ணி எப்படி மக்கா? தண்ணி கரிச்சா மாவு பொங்காது. மாவு பொங்கலைன்னா எம் பொழப்பே போச்சி" என்றார்.

நாங்கள் காட்டிய வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை. அந்தத் தெருவுக்கு மாநகராட்சித் தண்ணீர் இன்னும் வரவில்லை, எல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றும் போர்த் தண்ணீர்தான். சமையலறைக் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்தேன். இனித்தது. எங்கள் ஊரில் போர்த் தண்ணீர் இனிப்பது குதிரைக் கொம்பு. "அக்கா, எளநி மாதிரி இருக்கு" என்று கூவினேன். அக்காவும் ஒரு வாய் குடித்தார், அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

வெளியே வந்ததும் என் தோழி மெதுவாக, "ஏளா, மோட்டாரப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"கொழாயில வாரது பின்ன வானத்துல இருந்தா வருது?" என்று அவள் வாயை அடைத்தேன்.

பதிவு நாள் வந்தது. தோழி அக்காவோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டாள். மின் இணைப்பில் பெயர் மாற்ற மீட்டரைப் படம் எடுக்க வேண்டும் என்று நான் அந்த வீட்டுக்குப் போனேன். முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேலே தொட்டி காலி. மோட்டாரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் வந்ததும் முகத்தில் அடித்தேன், கண் எரிந்தது. ஒரு வாய் குடித்தேன். உப்பு. இன்னொரு வாய் குடித்தாலும் அதே உப்புதான். அன்று நான் குடித்தது போர்த் தண்ணீரே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பொய் சொல்ல மாட்டேன், பேசாமல் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பத்திரத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. வேலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் எம் பொழப்பே போச்சி என்று அக்கா சொன்னது காதிலேயே நின்றது. தோழிக்கும் அக்காவுக்கும் மாறி மாறி போன் அடித்தேன், இருவருமே எடுக்கவில்லை. கையிலிருந்த பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் ஹாரனை அழுத்தியபடியே இருந்தேன். பக்கத்தில் நின்ற உப்பு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "எம்மா, அடிக்கிற அடில ரயில் பயந்து ஓடிரவா போவுது? சும்மா நில்லு" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது டோக்கன் கூப்பிட்டாகிவிட்டது. அக்கா கேமரா முன்னால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கைரேகை வைப்பதுதான் பாக்கி.

"அக்கா, விரல வைக்காதீங்க. மொதல்ல இதக் குடிச்சுப் பாருங்க."

அங்கிருந்த ஊழியர் என்னை அதட்டினார். அக்கா பாட்டிலை வாங்கிக் குடித்தார், முகம் சுளிக்காமல் விழுங்கினார். பிறகு வீட்டை விற்கும் அண்ணாச்சியைப் பார்த்து, "அப்ப அன்னைக்கி நான் குடிச்சது?" என்று கேட்டார்.

"அது பெயின்ட் அடிக்க லாரித் தண்ணி வாங்கித் தொட்டியில ஊத்துனதும்மா. போர்த் தண்ணி எப்படின்னு என்ட்ட யாரும் கேக்கலையே" என்றார் அவர். அவர் சொன்னது நியாயம். கேட்டிருக்க வேண்டியது நான். எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டே, மோட்டாரைப் போடாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னது என் தப்பு என்று ஒத்துக்கொண்டேன். அக்கா எழுந்து போய்விட்டார். முன்பணத்தை அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரமே அந்த வேலை வேறொரு ஜோடிக்குப் போயிற்று. என் தோழி ஒருமுறைகூட 'அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன். "எனக்கு வேற வீடு பாத்தியாளா?"

"என்னையா கேக்கீங்க?"

"கையில வந்தத வேண்டாம்னு ஓடியாந்து தடுத்தவ நீ. உன்னைய நம்புதேன். ஆனா இனி உன் நாக்க நம்ப மாட்டேன்."

நானும் தோழியும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். மோட்டாரைப் போட்டு, தண்ணீர் நன்றாக ஓடிய பிறகு ஒரு பாட்டில் பிடித்து, மேலே முகவரியை ஒட்டி அக்காவிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு கைப்பிடி மாவு அரைத்து வைத்தார். மொத்தம் ஐந்து வீடு, ஐந்து கிண்ணம். மறுநாள் விடிந்ததும் எங்களை வரச்சொன்னார். நான்கு கிண்ணத்தில் மாவு அமுங்கிக் கிடந்தது. ஐந்தாவது கிண்ணத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். காரை பெயர்ந்து, காட்டவே நான் வெட்கப்பட்ட வீட்டுத் தண்ணீர் அது.

அடுத்த மாதம் அதே சார்பதிவாளர் அலுவலகம். கருவியின் மேல் விரலைக் கொண்டுபோன அக்கா சட்டென்று நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வைக்கட்டுமாளா?"

"வைங்கக்கா" என்று அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

இப்போது நானும் தோழியும் சேர்ந்து சொந்தமாக இந்தத் தொழிலைச் செய்கிறோம். என் வாய் இன்னும் குறையவில்லை, ஸ்கூட்டிப் பெட்டியில் நான்கு காலி பாட்டில்கள் மட்டும் கூடியிருக்கின்றன. விரலை வைக்கும்முன் என் முகத்தைப் பார்த்தாரே அக்கா, அந்தப் பார்வைக்குத் தலைகுனியாமல் பதில் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பு, ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் சுவிட்சைத் தட்டும்போது எனக்கு வராமல் இருந்ததில்லை.