தகரப்பெட்டிச் சங்கம்

என் அண்ணனுக்கு ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம்தான் நிமிர்ந்து உட்கார அனுமதி. அதற்கு மேல் உட்கார்ந்தால் முதுகின் அடிப்பக்கம் புண்ணாகிவிடும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது, நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மருந்துக்கடை வேலை முடிந்து மூன்றரைக்கு வீடு வருவேன். நான்கு மணிக்கு அவரைத் தூக்கி உட்காரவைத்து, சக்கர மேசையை மார்பருகே தள்ளி, அதில் போனைச் சாய்த்து வைப்பேன். படுத்துக்கொண்டே போனைப் பிடிக்க அவருடைய தோள் ஒத்துழைக்காது. தோளும் அவர் கிரேன் ஏணியிலிருந்து விழுந்தபோது உடைந்ததுதான்.

அவர் சரக்கு முற்றத்தில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "சங்கத்தைக் கட்டிக்கிட்டேன், அதுவே போதும்" என்பார். ஒரு வேலைநிறுத்தத்தின் நடுவில் நிர்வாகம் அவருக்கு மட்டும் மேற்பார்வையாளர் பதவி தருவதாகக் கடிதம் கொடுத்தது. அவர் அதை வாசலில் நின்று எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, மடித்துக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஒருத்தனை "விலை போயிட்டான்" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவரிடம் திட்டு கிடையாது. எனக்கு மூக்கின் மேல் கோபம். நூறு திட்டு தெரியும். அவருக்கு அந்த ஒன்றுதான்.

கிரேன் ஏணியில் ஒரு படி துருப்பிடித்திருந்தது. அதைப் பற்றி அவரே மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். நான்காவது முறை எழுதுவதற்குள் அந்தப் படியே அவரைக் கீழே தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு என் வீட்டு முன்னறைதான் அவருக்கு எல்லாம்.

எங்கள் தம்பி ஆன்லைன் விளையாட்டுகள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அண்ணனுக்குப் பொழுது போகட்டும் என்று அவன்தான் அந்தத் தீவு விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். கடலுக்கு நடுவில் ஆளுக்கொரு வெறுந்தீவு. பலகை, கயிறு, ஆணி சேர்த்துப் படகுத்துறை கட்ட வேண்டும், அப்புறம் கிரேன், கப்பல் என்று வளர்க்க வேண்டும். கிரேன் என்றதுமே அண்ணன் சொக்கிப்போனார். தினமும் விளையாடி முடித்ததும் ஒரு போனஸ் பெட்டி வரும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் விளையாடியவருக்குத் தங்கப்பெட்டி, உள்ளே முழுக் கப்பலே இருக்கும். குறைவாக விளையாடியவருக்குத் தகரப்பெட்டி. இரண்டு பலகை, ஒரு முழக் கயிறு.

நான்கு மாதம் தகரப்பெட்டியாகத் திறந்து படகுத்துறையில் பாதிதான் முடிந்தது. வேறொருவராக இருந்தால் விளையாட்டையே அழித்திருப்பார். இவர் மனு எழுதினார். "ஒருவர் எவ்வளவு நேரம் விளையாட முடியும் என்பது அவர் ஆசையைப் பொறுத்தது மட்டுமல்ல, அவர் வாழ்க்கையையும் பொறுத்தது" என்று தொடங்கிய மனு அது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நிறுவனத்திடமிருந்து இரண்டே நொடியில் பதில் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து மகிழ்ச்சியாக விளையாடுங்கள். படித்துவிட்டுச் சிரித்தார். "இவ்வளவு சீக்கிரம் எவனும் என் மனுவைப் படிச்சதில்ல" என்றார்.

தன்னைப் போலவே கொஞ்ச நேரம் மட்டும் விளையாடுகிறவர்களை விளையாட்டுக்குள் தேடிப் பிடித்தார். இரவுப் பணி செய்யும் ஒரு நர்ஸ், இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி, லாரி ஓட்டுநர், மதிய இடைவேளையில் மட்டும் போனைத் தொட அனுமதி உள்ள ஆலைத் தொழிலாளி என்று அறுபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். போனில் ஒரு குழு தொடங்கி அதற்குத் தகரப்பெட்டிச் சங்கம் என்று பெயர் வைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் நர்ஸ் அவரை "தலைவரே" என்று கூப்பிட்ட அன்று, விபத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் சவரம் செய்துவிடச் சொன்னார். போனில் யாருக்கு உங்கள் தாடி தெரியப்போகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தபோது அண்ணன் அவனை விசாரணையில் உட்காரவைத்தார்.

"தங்கப்பெட்டியைக் கொஞ்ச நேரக்காரனுக்கு ஏன்டா குடுக்க மாட்டேங்குறீங்க? அது என்ன நிஜக் கப்பலா, குடுத்தா குறைஞ்சு போறதுக்கு?"

"குடுத்துட்டா அப்புறம் எதுக்குண்ணா இன்னும் ரெண்டு மணி நேரம் உட்காருவாங்க? பசியோடவே வச்சிருக்கணும். அப்பதான் உட்காருவாங்க."

"உட்கார முடியாதவன்?"

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கிளம்பும்போது படிக்கட்டில் மடக்கினேன்.

"கூடப் பிறந்தவனுக்கு ஒரு கப்பல் குடுக்க வக்கில்லாம அங்க என்னடா வேலை பாக்குறே?"

"அக்கா, அதெல்லாம் என் கையில இல்ல."

"எதுதான் உன் கையில இருக்கு?"

அவன் கையில் ஒன்று இருந்தது. புதுப் பெட்டிகளை வெளியிடும் முன் சரிபார்க்க அவர்கள் சில சோதனைக் கணக்குகள் வைத்திருப்பார்கள். அந்தக் கணக்குகளுக்கு எப்போது திறந்தாலும் தங்கப்பெட்டிதான். பட்டியல் தம்பியின் பொறுப்பில் இருந்தது. அண்ணனின் கணக்கு எண்ணை அதில் சேர்த்துவிட்டான். ஒரு வாரம் மட்டும், அப்புறம் எடுத்துவிடுவேன் என்று என்னிடம் சொன்னான். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை, நல்ல காரியம் செய்தாய் என்று முதுகில் தட்டினேன்.

மறுநாள் நான்கு நாற்பதுக்கு அண்ணன் தங்கப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த முழுக் கப்பலைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மனுவைப் படிச்சிருக்காங்கம்மா" என்றார்.

அப்படி நினைப்பார் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. அவரை முட்டாளாக நினைத்ததில்லை, ஆனால் நோயாளியாகத்தான் நினைத்திருந்தோம். ஒரு பொம்மையைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார் என்று இருந்துவிட்டோம். அவர் உடனே சங்கத்துக்குச் செய்தி அனுப்பினார்: "நாம் ஜெயித்துவிட்டோம். எனக்கு வந்துவிட்டது, உங்களுக்கும் வரும், பொறுமையாக இருங்கள்."

அறுபது பேரும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். ஒரு வாரம் போனது, யாருக்கும் வரவில்லை. அண்ணனுக்கு மட்டும் தினமும் தங்கப்பெட்டி. அவர் திறப்பதை நிறுத்தினார். திறக்காத பெட்டிகள் கரையில் வரிசையாக நின்றன. எல்லோருக்கும் கிடைத்த பிறகு திறப்பேன் என்று எழுதினார். ஏன் தனக்கு மட்டும் என்று நிறுவனத்துக்கு இன்னொரு மனுவும் போட்டார். நன்றி, மகிழ்ச்சியாக விளையாடுங்கள் என்று பதில் வந்தது.

"எடுத்துத் தொலைடா" என்று தம்பியிடம் சொன்னேன். திடீரென்று நின்றால் அண்ணன் மனசு உடைந்துவிடும், விளையாட்டில் அடுத்து வரும் பெரிய போட்டி தொடங்கட்டும், அப்போது எடுக்கிறேன் என்று அவன் நாளைத் தள்ளினான்.

பெரிய போட்டி தொடங்கும் முன் எல்லாச் சோதனைக் கணக்குகளையும் நிறுவனத்தின் கணினி தானாகவே அழித்துவிடும். சோதனைத் தீவுகள் போட்டிக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக. அழிப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க அந்தத் தீவுகளின் மேல் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கும். தம்பி அதை மறந்தே போயிருந்தான். அன்று நான்கு மணிக்கு அண்ணன் உட்கார்ந்தபோது அவருடைய தீவின் மேல், அறுபது பேரும் பார்க்கும்படி, "நிறுவனத்தின் கணக்கு" என்று எழுதியிருந்தது.

குழுவில் செய்திகள் கொட்டின. ஆரம்பத்திலிருந்தே உளவுக்கு வந்த ஆள் என்றார் லாரி ஓட்டுநர். நம்மைப் பேசவிட்டு நம் பேர்களை நிறுவனத்துக்கு எடுத்துக் கொடுத்தார் என்றது இன்னொரு செய்தி. இரட்டைக் குழந்தைக்காரி அந்த வார்த்தையை எழுதினாள்: விலை போய்விட்டார். அண்ணன் அதைப் படித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவருடைய உதடு வெளுத்துப்போனது.

நர்ஸ் மட்டும் நம்பவில்லை. "தலைவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் கணக்கில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார் என்று நிறுவனம் விசாரித்துச் சொல்ல வேண்டும். மனு எழுதிவிட்டேன், எல்லோரும் பெயர் போடுங்கள், நாளை அனுப்புகிறேன்" என்று எழுதினாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் அண்ணனிடம் கொட்டிவிட்டேன். என்னையும் சேர்த்துத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"விசாரிச்சா அவன் மாட்டுவானா?"

"பட்டியல்ல அவன் பேர்தான் இருக்காம். சொந்தக்காரனைச் சேர்த்ததுக்கு அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்களாம். எந்தக் கம்பெனியிலயும் எடுக்க மாட்டாங்களாம்."

தம்பிக்கு இரண்டும் கைக்குழந்தைகள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அனுமதித்த நேரம் எப்போதோ முடிந்திருந்தது. சாய்க்கப் போனேன், வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"எழுது. அந்த மனுவை அனுப்ப வேண்டாம். என் கணக்குல யாரும் கை வைக்கல. நான் நிறுவனத்து ஆளுதான்."

"அண்ணா, தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. இது எதுக்கு?"

"தெரியாதுன்னா அவ விட மாட்டா. எனக்காகச் சண்டை போடுவா. நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன், பதில் வர்ற வரைக்கும் விடாதேன்னு. எழுதும்மா."

எழுதினேன். இரண்டு முறை அழித்து எழுதினேன். ஒரு வார்த்தையையாவது மாற்றிவிடலாமா என்று பார்த்தேன், அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பினேன்.

ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். கால் மணி நேரத்தில் குழுவில் அண்ணனும் நர்ஸும் மட்டும்தான் இருந்தார்கள். அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அண்ணனுக்குக் கண்ணில் நீர் கட்டியிருந்ததால் படித்துக் காட்டச் சொன்னார்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் எங்க ஆஸ்பத்திரியில கையுறை கேட்டு மனு எழுதினேன். அதுக்காக என்னை வேற வார்டுக்கு மாத்தினாங்க. அப்பகூட உங்களை நினைச்சுத்தான் தைரியமா இருந்தேன். என் பேரை எங்கயும் குடுத்துடாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

படித்து முடிப்பதற்குள் அவளும் வெளியேறியிருந்தாள். யார் மேல் என்று தெரியாமல் எனக்கு ஆத்திரம் வந்தது, பாவம் அவள் மேல்கூட வந்தது.

"என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டாளா பாருங்க" என்றேன்.

"அவ எதுக்குக் கேக்கணும்? சரியாத்தான் பயப்படுறா" என்றார் அண்ணன். "சரின்னு பதில் போடு. பேரைக் குடுக்க மாட்டேன்னு போடு."

பதிலைப் படிக்க அந்தக் குழுவில் யாரும் இல்லை. அவரிடம் அதைச் சொல்லாமல் தட்டச்சு செய்து அனுப்பினேன்.