ஆற்றுப் பக்கத்து அடி

என் மேசையில், தாள்கள் பறவாதிருக்க வைத்த சுத்தியல் ஒன்று கிடக்கிறது. மரப்பிடியில் பழுப்பேறிய கறை. முன்பெல்லாம் துடைத்துப் பார்த்தேன், இப்போது துடைப்பதில்லை.

என்னோடு பணியாற்றிய பொறியாளர் அம்மையாரின் குருதி அது. கற்காரைத் தூணின், அதாவது கான்கிரீட் தூணின், ஒரு முகத்தில் அடித்து, அதிர்வலை மறுமுகம் சேரும் நேரத்தை அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தூணின் அகத்தை வரைவது எங்கள் தொழில். அடிப்பவர் அவர், மடிக்கணினியில் பதிந்து கணிப்பவன் நான். திருவரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் புதிதாக எழுந்த மேனிலை நீர்த்தொட்டியை அவ்வாறே ஆய்ந்தோம். மறுநாள் காலை அதில் நீரேற்ற இருந்தார்கள். அதன் நிழலில் ஒரு தெருவே குடியிருந்தது. மூன்றாம் தூணில் அலைகள் தயங்கி வந்தன. உள்ளே காரை நிரம்பாத பொள்ளலோ என்று ஐயுற்றோம். ஆற்றுப் பக்கத்து முகத்தில் இன்னும் ஓர் அடி விழுந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

அதற்குள் தொட்டியைக் கட்டிய ஒப்பந்தக்காரன் இரண்டு ஆட்களோடு வந்தான். தூணுக்கு ஜோசியம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"பொட்டிய மூடுங்க சார்" என்றான் என்னிடம். என் கை கணினியின் மூடியை இறக்கத் தொடங்கியது.

"மூடாதீங்க சார்" என்றார் அம்மையார், சுத்தியலை ஓங்கியபடியே.

அவன் அதைப் பிடுங்கி அவர் தலையை நோக்கி இறக்கினான். அவர் விலகினார்; அடி தூணில் விழுந்து காரை தெறித்தது. அடுத்த அடி தப்பவில்லை. விலகும்போது தூணில் ஊன்றிய அவரது வலது மணிக்கட்டு நொறுங்கியது. ஆட்களில் ஒருவன் என் கழுத்தைப் பிடித்துச் சுற்றுச்சுவரில் மோதினான். வாயெல்லாம் இரும்புச் சுவை. அலறல் கேட்டுத் தெருவினர் திரண்ட பின்னரே மூவரும் சுத்தியலை எறிந்துவிட்டு ஓடினர்.

முறிந்த கையை மடியில் ஏந்தித் தரையில் சாய்ந்திருந்த அம்மையார் கேட்டது ஒன்றுதான்: "மொத அடி பதிவாயிருக்கா பாருங்க சார். அது ஆத்துப் பக்கந்தான் விழுந்துச்சு."

பதிவாகியிருந்தது. அலை பொள்ளலைச் சுற்றிக்கொண்டு நேரந்தாழ்ந்து வந்திருந்தது. நீரேற்றம் நின்றது. பின்னர்த் தூணை உடைத்தபோது முழங்கை வரை நுழையும் குழி. உள்ளே சல்லி பிடிப்பின்றி உதிர்ந்தது.

அவர் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. இடக்கையால் அடிக்கப் பழகிக்கொண்டார். ஓய்வு பெற்ற நாளில் சுத்தியலை என்னிடம் தந்தார். இன்றும் அத்தெருவினர் எங்கள் இருவரையும் சேர்த்தே புகழ்கிறார்கள். அன்று மூடியை நான் பாதிக்குமேல் இறக்கியிருந்ததை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

காற்றில் தாள்கள் படபடக்கும்போது சுத்தியலை எடுத்து வைக்கிறேன். பிடியைத் தொடுவதில்லை, இரும்புத் தலையைப் பற்றியே எடுக்கிறேன்.