பூசைக்கு நின்ற உலர்த்தி

ஒருவருடைய வேலை எந்த இடத்தில் இருக்கிறது? சிவதர்சினியை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. அவர் இருப்பது ஸ்கந்தபுரத்தில், ஒரு பழைய மடிக்கணினிக்கு முன்னால். அவர் நிரல் எழுதிக் கொடுத்த இயந்திரங்கள் வேறு ஊர்களில் ஓடுகின்றன. நிரல் எழுதும் மென்பொருள்களோ கொழும்பில், அவருடைய நிறுவனத்தின் சேர்வரில், மெய்நிகர் கணினிகளுக்குள், அதாவது ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் தனித்தனிக் கணினிகளுக்குள், கிடக்கின்றன. ஒவ்வோர் ஆலைக்கும் தனிக் கணினி. அதனால் புதிய மென்பொருள் பழையதைக் கெடுப்பதில்லை. மடிக்கணினி அவற்றைப் பார்க்கும் யன்னல் மட்டுமே.

தூரத்தில் இருந்து செய்யும் வேலையில் பொறுப்புக் குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, கிளிநொச்சி அரிசி ஆலையில் நெல் உலர்த்தியை இயக்கும் குகதாசன் அழைத்தார்.

"பிள்ளை, உலர்த்தி அசையுதில்லை. முற்றத்தில ஈரநெல்லு குவிஞ்சு கிடக்கு. மழையும் இருட்டிக்கொண்டு வருது."

"மெயின் சுவிச்சை நிப்பாட்டினனீங்களோ, அண்ணை?"

"ஓம், நேற்றுப் பொட்டு வைச்சு நிப்பாட்டினது. அதுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமே?"

"நல்லா ஓய்வு குடுத்தீங்கள். படிச்சதெல்லாத்தையும் மறந்திட்டுது."

மின்சாரம் இல்லாதபோது நிரலைக் காப்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்த சிறிய பற்றரி செத்திருந்தது. மின்சாரம் நின்றதும் நிரல் அழிந்துவிட்டது. அந்தப் பழைய பெட்டிக்கான மென்பொருள் இன்றைய கணினிகளில் ஓடாது. சிவதர்சினி அதற்கென்று வைத்திருந்த மெய்நிகர் கணினியைத் திறந்தார். நிரலின் பிரதி அங்கே இருந்தது. அதை உடனே அனுப்பாமல், முதலில் அங்கேயே ஓட்டிப் பார்த்தார்.

ஆலையில், நெல்லுக்குச் சொந்தக்காரரான கணபதி பொறுமை இழந்து தொலைபேசியை வாங்கினார். "என்ர நெல்லு முளைக்கப்போகுது. அங்க இருந்து மந்திரமோ போடுறாய்?"

"மந்திரமெண்டால் பிழைச்சாலும் பரவாயில்லை, ஐயா. இது பிழைச்சால் காத்தாடி சுத்த முதல் அடுப்பு எரிஞ்சு, நெல்லே கருகிப்போம். கொஞ்சம் பொறுங்கோ."

பிறகு, ஆலை அலுவலகக் கணினி வழியாக நிரலைப் பெட்டிக்கு ஏற்றத் தொடங்கினார். பாதியில் ஸ்கந்தபுரத்தில் கரண்ட் போனது. பற்றரி பழுதான மடிக்கணினி அணைந்தது.

அவர் அதைச் சொன்னதும், "ஐயோ, போச்சோ?" என்று குகதாசன் தொலைபேசியில் கத்தினார்.

"இருண்டது என்ர மேசைதான். வேலை கொழும்பில நடக்குது. நீங்கள் ஒண்டையும் தொடாதேங்கோ."

கைத்தொலைபேசியில் அதே திரையைத் திறந்தபோது, ஏற்றம் முடியும் தறுவாயில் இருந்தது. சற்று நேரத்தில் உலர்த்தியின் காத்தாடி சுழன்றது. அதன் பிறகே அடுப்பு எரிந்தது. கணபதியின் நெல் மழைக்கு முன் உள்ளே போனது. நான் எளிதில் பாராட்டுகிறவன் அல்ல. அந்த நிதானத்தைப் பாராட்டுகிறேன்.

சில நாட்களில் சிவதர்சினியே ஆலைக்குப் போய்ப் புதிய பற்றரி போட்டார்.

"இனி மெயினைத் தொடக்கூடாதெண்டு எழுதி ஒட்டுவமோ?" என்று குகதாசன் கேட்டார். சிவதர்சினி வேண்டாமென்றார்.

அடுத்த ஆண்டு பூசைக்கு அழைக்காமலே ஆலைக்கு வந்தார். விளக்கு ஏற்றுவதற்கு முன், தன் கையாலேயே மெயினை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை, நீரே நிப்பாட்டுறீர்?"

"குங்குமத்தை இஞ்சால தாங்கோ, அண்ணை."